‘எங்கட வீட்டாக்கள்’ குழுவில் ஒரு பல்

போன மாசியில், வேளாண்மை வெட்டு நடந்த கிழமையில் எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய கதை இது. ஃபோன் நிரம்பிவிட்டது, அழி அழி என்கிறது. அழிக்குமுன் கொஞ்சத்தை எடுத்து வைக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டு முறையை மட்டும் போட்டிருக்கிறேன். ‘அம்மா’ என்றால் என் அம்மா. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ‘மாமி’ என் கணவரின் அம்மா, களுவாஞ்சிக்குடி. ‘மச்சாள்’ கணவரின் தங்கை, நர்ஸ். சின்னம்மா தம்பிலுவில். ‘இவர்’ என் கணவர், கத்தாரில். மகளுக்கு அப்போது ஏழரை மாதம். காலை வணக்கப் படங்களையும் ரோசாப்பூக்களையும் வெட்டிவிட்டேன், அவையே பாதிக்கு மேல்.

செவ்வாய்

அம்மா (காலை 7.12): [குரல் பதிவு 1:04]

தம்பி (7.13): அம்மா, எழுதுங்க. பஸ்சில் நிற்கிறேன், கேட்க ஏலாது.

அம்மா (7.15): பல்

தம்பி (7.15): யாருக்குப் பல் வலி?

அம்மா (7.16): வலி இல்ல மனே. பிள்ளைக்குப் பல் வந்திட்டு.

நான் (7.17): அம்மா!! நான் இன்னும் இவருக்கே சொல்லவில்லை.

அக்கா (7.17): இப்ப சொன்னாச்சு. அவரும் இந்தக் குழுவில்தானே இருக்கிறார்.

நான் (7.18): அங்கே இன்னும் ஐந்து மணி கூட ஆகவில்லை. நித்திரை.

அம்மா (7.24): கஞ்சி தீத்தினேன். கரண்டி வாய்க்குள் போனதும் டிங் என்றது. கஞ்சியில் கல் கிடக்கோ என்று பார்த்தேன். கல் இல்லை. திரும்ப வைத்தேன், திரும்பவும் டிங். விரலால் தடவினால் கீழ் முரசில் (ஈறில்) குறுணி அரிசி மாதிரிக் குத்துது.

அக்கா (7.26): படம் போடு.

நான் (7.41): [படம்] [படம்] [படம்]

அக்கா (7.42): முதலாவது மூக்கு. இரண்டாவது உன் விரல். மூன்றாவது என்ன?

நான் (7.43): நாக்கு. வாயைத் திறந்தால் நாக்கைத்தான் முன்னுக்குத் தள்ளுகிறாள். பல்லைக் காட்டவே மாட்டேன் என்கிறாள்.

இவர் (8.05): பார்த்தேன். நாக்கும் நல்லாத்தான் இருக்கு. எந்தப் பல்?

மச்சாள் (8.11): கீழ் நடுப் பல்லாக இருக்கும். பெரும்பாலும் கீழே நடுவில் இருக்கிற இரண்டும்தான் முதலில் எட்டிப் பார்க்கும். ஆறு மாதமளவில் தொடங்கும், சில பிள்ளைக்கு ஒரு வயதும் ஆகும். மூன்று வயதாகும்போது 20 பாற்பல்லும் வந்துவிடும்.

இவர் (8.12): எனக்கு எப்போது வந்தது அம்மா?

மாமி (8.20): உனக்குப் பதினொன்றில். பொக்கையன் பொக்கையன் என்றுதான் ஊரே தூக்கித் திரிந்தது.

தம்பி (8.20): நன்றி மாமி. அத்தானின் பெயரை என் ஃபோனில் மாற்றிவிட்டேன்.

மாமி (8.40): மகள், பல் முளைக்கிற நேரம் காய்ச்சலும் வரும், வயிற்றாலும் போகும். பயப்பட வேண்டாம்.

மச்சாள் (8.44): அம்மா, அதை மட்டும் சொல்லிக் கொடுக்காதீங்க. வீணி வடியும், முரசு ஊறும், கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். உடம்பு கொஞ்சம் கதகதப்பாக இருக்கலாம். 38 பாகைக்கு மேல் போனால் அது பல் இல்லை, வேறு ஏதோ. வயிற்றால் போனாலும் அப்படித்தான். பல்லுக் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருந்து, மறுகா மூன்றாம் நாள் சுருண்டுபோன பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். நாங்கள் வார்டில் பார்க்கிறோம்.

மாமி (8.46): நான் மூன்று பிள்ளை வளர்த்தவள்.

மச்சாள் (8.46): அதில் ஒன்று நான். அதனால்தான் சொல்கிறேன்.

சின்னம்மா (9.02): முரசில் கொஞ்சம் தேன் தடவுங்ககா. நல்ல காட்டுத் தேன் ஒரு போத்தல் இருக்கு. வரும்போது கொண்டு வாறன்.

மச்சாள் (9.05): ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு துளியும் வேண்டாம் சின்னம்மா. காட்டுத் தேனானாலும் சரி, கடைத் தேனானாலும் சரி. அதில் ஒரு கிருமியின் வித்து கிடக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது. கைப்பிள்ளையின் குடலில் அது முளைத்து நஞ்சு விட்டால் பிள்ளை துவண்டுபோகும். குளிர்ந்த தண்ணீரில் ஒரு சுத்தமான துணியை நனைத்துக் கடிக்கக் கொடுங்க, போதும்.

சின்னம்மா (9.06): அப்ப இந்தத் தேனை என்ன செய்ய?

மச்சாள் (9.06): எனக்குத் தாங்க.

(மச்சாள் எப்போதும் இப்படித்தான். முதல் வெட்டு, மறுகா பகிடி. வந்த புதிதில் எனக்குப் பயமாக இருந்தது. இப்போது பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் அவளைத்தான் முதலில் தேடுகிறேன்.)

அம்மா (10.30): கொழுக்கட்டை எப்ப?

(பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் எங்கள் பக்கம் பல்லுக் கொழுக்கட்டை செய்து தலையில் கொட்டுவோம். மறுகா முன்னால் சாமான்களை வைத்து, எதை எடுக்கிறாள் என்று பார்த்துப் பலன் சொல்வோம்.)

மாமி (10.31): செவ்வாயும் சனியும் வேண்டாம்.

இவர் (10.33): வெள்ளி என்றால் எனக்கு லீவு. வீடியோவில் நிற்பேன்.

அம்மா (10.35): வெள்ளி பத்தரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்கு முதல் முடிக்க வேணும்.

நான் (10.36): ஒன்பதரை. உங்களுக்கு ஏழு மணி.

இவர் (10.36): ஆறுக்கே குளித்துவிட்டு இருப்பேன்.

அக்கா (10.38): ஃபோன் யார் பிடிக்கிறது?

தம்பி (10.38): நான்.

அக்கா (10.39): கடவுளே.

மாமி (10.50): தலையில் கொட்டுவது பிள்ளையின் மாமிதான். மகள், நீ கட்டாயம் வரவேணும்.

மச்சாள் (11.15): வியாழன் எனக்கு நைட். விடிய முடித்து நேரே பஸ் ஏறுகிறேன். ஆனால் ஒரு சொல்: தலையில் கொட்டுகிற கொழுக்கட்டையில் தேங்காய்ச் சொட்டு (சின்னத் துண்டு) குத்தக்கூடாது. அவள் ஒன்றை எடுத்து வாயில் வைத்தால் தொண்டையில் போய் அடைக்கும். குட்டியாக, சொட்டில்லாமல், நன்றாக ஆறவிட்டு.

அம்மா (11.16): சொட்டு இல்லாவிட்டால் அது பல்லுக் கொழுக்கட்டையா?

மச்சாள் (11.17): வருகிற ஆக்களுக்குச் சொட்டோடு செய்யுங்க மாமி. எனக்கும்.

(இதற்குப் பிறகு தேங்காய் விலையைப் பற்றி 23 செய்திகள். அதை யாரும் திரும்ப வாசிக்க வேண்டாம்.)

வியாழன்

அப்பா (காலை 6.02): புது நெல் ஒரு பையில் கொடுத்து விட்டிருக்கிறேன். நாளைக்கு வைக்கிறதுக்கு. வெட்டு மெஷின் நாளைக்குத்தான் கிடைத்திருக்கிறது. வர ஏலாது.

நான் (6.10): அப்பா, பேத்தியின் பல்லை விட மெஷினா?

அப்பா (6.11): பல் இருக்கும். மெஷின் போய்விடும்.

(அப்பா இந்தக் குழுவில் எழுதுவது நோன்பு, தீபாவளி மாதிரி. அவருடைய வயல் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். வெட்டுக் காலத்தில் வாடியில்தான் படுக்கை.)

அம்மா (மாலை 4.20): மகள், உன் பல்லுக்கு அப்பம்மா வீட்டாக்கள் எல்லோரும் படுவான்கரையில் இருந்துதான் வந்தார்கள். அப்ப மண்முனையில் பாலம் ஏது, பாதைதானே (ஆக்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை). பாதை இந்தக் கரைக்கு வந்து சேர நேரமாகி, சோதனைச் சாவடியில் கடகத்தைக் கிண்டிப் பார்த்து, ஆக்கள் துறையில் பசியோடு நின்று, கொண்டுவந்த பலகாரத்தில் பாதி அங்கேயே முடிந்தது. கடகத்தின் அடியில் கிடந்ததைத்தான் உன் தலையில் கொட்டினோம்.

தம்பி (4.22): பாலம் திறந்தது 2014. சின்னக்காவுக்கு ஒரு இருபது வருடம் பிந்திப் பல் முளைத்திருந்தால் முழுக் கடகமும் கிடைத்திருக்கும்.

அக்கா (4.23): நீ நாளைக்கு ஃபோனைச் சரியாகப் பிடி. அது போதும்.

(அன்று இரவு குசினியில் நானும் அம்மாவும் அக்காவும். வறுத்த அரிசிமா, வறுத்துக் குத்திய பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பூ, ஏலக்காய். அம்மா மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் உள்ளீட்டை வைத்து, பாதியாக மடித்து, விளிம்பைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளிக் கிள்ளி வருவார். ஒவ்வொரு கிள்ளும் ஒரு பல். நான் செய்ததில் இரண்டு வெடித்துச் சர்க்கரை வழிந்தது. “இதுக்குச் சூத்தைப் பல்” என்று அக்கா தனியாக எடுத்து வைத்தாள். தலையில் கொட்டுவதற்கென்று புளியங்கொட்டை அளவில் ஒரு சுண்டு (அரிசி அளக்கும் பேணி) நிறைய, சொட்டில்லாமல். அம்மா செய்தார்தான், முகத்தை நீட்டிக்கொண்டு.)

வெள்ளி

மச்சாள் (காலை 7.40): பஸ் ஏறிவிட்டேன். நித்திரை கொண்டு காத்தான்குடியைத் தாண்டிப் போனால் யாராவது கூப்பிடுங்க.

மாமி (8.15): நாங்கள் வெளிக்கிட்டாச்சு. சீலை மாற்றிக் கட்டியதில் நேரம்.

இவர் (9.10): குளித்தாச்சு. சேட்டும் போட்டாச்சு. அறையில் மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிட்டேன், நாலு பேர் கட்டிலில் வரிசையாக இருக்கிறார்கள்.

நான் (9.11): ஐயோ, எல்லோருக்குமா?

இவர் (9.11): ஒருவர் அக்கரைப்பற்று. அவருக்கும் கைப்பிள்ளை.

இவர் (9.46): ஃபோனைத் திருப்புங்கள்

இவர் (9.46): ஃபேன் தெரிகிறது

இவர் (9.47): ஃபேன் மட்டும்தான் தெரிகிறது

இவர் (9.47): எல்லோரும் ஏன் கத்துகிறீர்கள்? விழுந்துவிட்டாளா?

இவர் (9.48): யாராவது

அக்கா (9.55): ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. சிரிப்புத்தான். பொறுங்க.

(நடந்தது இதுதான். வெள்ளை விரிப்பில் மகளை இருத்தி, தலைக்கு மேல் இன்னொரு வெள்ளைத் துணியை இருவர் பிடிக்க, மச்சாள் சுண்டைச் சரித்தாள். கொழுக்கட்டை துணியில் பொலபொலவென்று விழ, மகள் மேலே பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அழவில்லை. மறுகா அவளுக்கு முன் சுளகை வைத்தோம். சுளகில் கொப்பி, பேனை, ஒரு சோடிக் காப்பு, காசு, கத்தரிக்கோலுக்குப் பதிலாக மச்சாளின் ஸ்டெதஸ்கோப், ஒரு மூடிய போத்தலில் அப்பா அனுப்பிய நெல். எதைத் தொடுவாள் என்று எல்லோரும் குனிந்தோம். அவள் எதையும் பார்க்கவில்லை. சுளகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள், ஒரு இழுவை. காசு கதிரைக்கு அடியில், பேனை மாமியின் சீலையில், போத்தல் உருண்டு வாசலுக்கு. அவள் சுளகு விளிம்பை வாயில் வைத்து அந்தப் புதுப் பல்லால் கறண்டத் தொடங்கினாள். தம்பியும் எங்களோடு குனிந்து சிரித்ததில் கையை மேலே தூக்கிவிட்டான். ஃபோன் ஃபேனைப் பார்த்தது.)

தம்பி (10.20): அத்தான், மன்னிச்சிருங்க.

இவர் (10.21): பரவாயில்லை. ஃபேனில் தூசி இருக்கு, துடைத்துவிடு.

மாமி (10.40): சுளகை எடுத்தால் என்ன பலன்? எங்கட ஆக்களில் யாரும் எடுக்கவில்லையே.

சின்னம்மா (10.42): குசினி. நல்லாச் சமைப்பாள்.

மச்சாள் (10.42): அதை நான் ஏற்க மாட்டேன். அவள் ஸ்டெதஸ்கோப்பைக் காலால் தொட்டாள், நான் கண்டேன்.

அக்கா (10.43): உதைத்தாள்.

தம்பி (10.44): சுளகு விற்பாள். ஏற்றுமதி.

அப்பா (பகல் 1.15): சுளகு பதர் வேறு நெல் வேறாகப் பிரிக்கிறது. நீதவான்.

மாமி (1.16): ஆ! அதுதான்.

அம்மா (1.20): மெஷின் என்ன மாதிரி?

அப்பா (1.21): மூன்று ஏக்கர் முடிந்தது. கொழுக்கட்டை இருக்கா?

அம்மா (1.22): சொட்டு வைத்தது பத்து எடுத்து வைத்திருக்கு.

சனி

இவர் (காலை 10.05): ஒன்று கேட்கட்டுமா? படத்தில் பல் விழவில்லை. நேற்று ஃபேன். அந்தக் கரண்டிச் சத்தம் இப்பவும் வருகிறதா?

நான் (10.06): ஒவ்வொரு வாய்க்கும் வருகிறது.

இவர் (10.06): மாமியை (என் அம்மாவை) அதைப் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மா (12.31): [குரல் பதிவு 0:52]

தம்பி (12.33): கேட்டேன். 47 நொடிக்கு அம்மா கதைக்கிறாங்க. அத்தான் சாப்பிட்டாரா, அங்கே வெயிலா, மச்சாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா. கடைசி ஐந்து நொடிதான் பிள்ளை.

இவர் (12.50): கேட்டது. மூன்று டிங்.

அம்மா (12.52): முதல் இரண்டும்தான் பல், மனே. மூன்றாவது என்ட காப்பு.