"நீங்க எந்தத் துறை?" ஆய்வுக்காக அலைந்தவர்களின் அனுபவங்கள்

ஆய்வுக்கென்று நூலகம் நூலகமாக ஏறி இறங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமாக இருக்கும். நான் தமிழ்த்துறை. ஆனால் எடுத்துக்கொண்டது, சென்னையில் மருத்துவம் படிக்கப் போன முதல் தலைமுறைப் பெண்களும் அவர்கள் எழுதிவைத்தவையும். இது இலக்கியமா, மருத்துவ வரலாறா, பெண்ணியமா, ஏதாவது ஒன்றை முடிவு செய்துகொண்டு வாருங்கள் என்று ஆய்வுக் குழுவில் திருப்பி அனுப்பினார்கள். கிருபாபாய் சத்தியநாதனை வைத்துக்கொண்டு நான் எதை முடிவு செய்வது? சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ல் பெண்களைச் சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தது, மேரி ஷார்லீப் உட்பட நான்கு பேர் உள்ளே போனார்கள். 1878-ல் கிருபாபாய் சேர்ந்தார், முதல் ஆண்டில் நன்றாகப் படித்தார், உடம்பு ஒத்துழைக்காமல் படிப்பை விட்டார், அப்புறம் ஆங்கிலத்தில் 'சகுணா', 'கமலா' என்று இரண்டு நாவல்கள் எழுதிவிட்டு 1894-ல் 32 வயதில் இறந்துபோனார். ஆங்கில இலக்கியக்காரர்களுக்கு அவர் நாவலாசிரியை. கல்லூரி வரலாறு பேசுகிறவர்களுக்குப் பாதியில் போன மாணவி. இதனால்தான், 1907-ல் சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டியை அந்தக் கல்லூரியில் படித்த முதல் பெண் என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். முப்பது வருடத்துப் பெண்கள் அப்படியே காணாமல் போகிறார்கள், எனக்கு அது பொறுக்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஒரு சந்திப்பைப் பற்றி. நூலகத்தில் எதிர் மேஜையில் ஓய்வுபெற்ற மகப்பேறு மருத்துவர் ஒருவர் தினமும் வந்து உட்காருவார். என்னிடம் இருந்த முத்துலட்சுமியின் சட்டமன்ற உரைகளின் நகலைப் பார்த்துவிட்டு, "என்னம்மா தேடுற?" என்று கேட்டார். தேவதாசி ஒழிப்புக்காக முத்துலட்சுமி பேசியதை நான் அதுவரை ஒரு சீர்திருத்தவாதியின் பேச்சாக மட்டும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பென்சிலை வாங்கி, சிறுமிகளின் உடல்நலம், பால்வினை நோய் வருகிற இடங்களை மட்டும் ஓரத்தில் கோடிட்டுக்கொண்டே போனார். "மேடப் பேச்சுன்னு நினைக்காத, வார்டுல நின்னவங்க பேசுறாங்க இங்க" என்றார். 1885-ல் ஷார்லீப் ஏன் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை தொடங்க வேண்டியிருந்தது, ஆண் மருத்துவரிடம் வர முடியாமல் எத்தனை பெண்கள் பிரசவத்தில் சீரழிந்தார்கள் என்று அன்று மாலை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். திருவல்லிக்கேணியில் ஊர்க்காரர்கள் இன்னும் கோஷா (பர்தா) ஆஸ்பத்திரி என்று சொல்வது அந்த மருத்துவமனையைத்தான். என் ஆய்வின் இரண்டாம் இயல் முழுக்க அந்தப் பென்சில் கோடுகளிலிருந்துதான் வந்தது. உங்களுக்கும் இப்படி யாராவது வாய்த்திருந்தால் எழுதுங்கள்.

*

தங்கச்சி, நான் ஆய்வாளர் இல்லை. எங்கள் வீட்டுக்கு ஆய்வுக்கென்று வந்தவர்களைப் பார்த்த அனுபவம்தான் எனக்கு. மயிலாடுதுறை பக்கம், இசை வேளாளர் குடும்பம். பாட்டியின் அத்தைக்குப் பொட்டுக்கட்டி, தேவதாசியாகக் கோயிலுக்கு விட்டிருந்தார்கள். இன்று பரதநாட்டியம் என்கிற சதிர் ஆடியவர். பாட்டி உயிரோடு இருந்த காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் பழைய போட்டோ இருக்கிறதா, நகை இருக்கிறதா என்று கேட்பார்கள். ஒருத்தர் பதங்கள் எழுதிய நோட்டை நகல் எடுத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார், திரும்பி வரவே இல்லை. அதில் கை முத்திரைக்கெல்லாம் பாட்டியின் அத்தை தன் கையால் குறிப்பு எழுதியிருந்தார், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஒரு பொண்ணு மட்டும் வித்தியாசமாக வந்தது. எதையும் கேட்கவில்லை. முத்துலட்சுமி அம்மாவின் பேச்சைப் பாட்டிக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டியது. பாட்டி சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன்: "அந்தம்மா இல்லேன்னா எனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது, கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா எங்க அத்தை ஆடுனத அசிங்கம்னு யார் சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அந்தம்மாவின் தாயாரும் எங்கள் இசை வேளாளர் குலத்துப் பெண்தான் என்பதும் பாட்டிக்குத் தெரியும்.

நீங்கள் மருத்துவர் கண்ணால் வாசித்தது சரி. ஆனால் அதோடு இதையும் வைத்துப் பாருங்கள்: 1929-ல் வந்த திருத்தம் கோயில் ஊழியத்திலிருந்து பெண்களை விடுவித்தபோது மானிய நிலம் அவர்களுக்கே நிற்கட்டும் என்றது. நிலத்துக்கு வழி சொன்ன சட்டம் ஆட்டத்துக்கு ஒரு வழி சொல்லவில்லை. 1932 கடைசியில், நாட்டியத்துக்காக வாதாடிய வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயரும் முத்துலட்சுமி அம்மாவும் பத்திரிகையில் நாட்டியத்தைப் பற்றி மாறி மாறி எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வருடமே தேவதாசி மரபில் வந்த திருவாளப்புத்தூர் கல்யாணி அம்மாளின் மகள்கள் சென்னை மியூசிக் அகாடமியில் ஆடியிருந்தார்கள். 1935-ல் பிராமணக் குடும்பத்து ருக்மிணி தேவி அதே ஆட்டத்தோடு மேடை ஏறினார். 1947-ல் பொட்டுக்கட்டுவதற்குத் தடைச் சட்டம் வந்தபோது எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் ஆடவில்லை, சலங்கை பரணில் இருந்தது. நாட்டிய வரலாறு எழுதுகிறவர்கள் மேடையை எழுதுகிறார்கள், பெண்ணுரிமை எழுதுகிறவர்கள் சட்டத்தை எழுதுகிறார்கள், பாட்டி சொன்ன அந்த ஒரே மூச்சை யாரும் முழுசாக எழுதவில்லை. உங்கள் ஆய்வில் அது வரவேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

*

நான் கண் மருத்துவன், சுருக்கமாகச் சொல்கிறேன். தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோய்க் குறிப்புகளும், நோயாளிகளின் கண்ணைப் பார்த்து வரைந்த வண்ணப்படங்களும் இருக்கின்றன. ஓவிய வரலாறு படித்த நண்பரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரே படத்தின் முன்னால் நின்று அவர் தூரிகைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கண்மணியில் புரை எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரைந்தவர் புரையின் வெண்மையை ஓரத்தில் மெலிதாகவும் நடுவில் அடர்த்தியாகவும் காட்டியிருந்தார் என்பதை நான் சொன்ன பிறகுதான் நண்பர் கவனித்தார், அந்த மெல்லிய பூச்சு எப்படி வரும் என்பதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அரண்மனை தன்வந்தரி மகாலில் நடந்த வைத்திய ஆராய்ச்சியைத் தமிழில் பாடல்களாகவே எழுதி வைத்தார்கள், சரபேந்திர வைத்திய முறைகள் என்று நூலகமே நோய்வாரியாக அச்சிட்டிருக்கிறது. எங்கள் கல்லூரியில் யாரும் அதை எங்களுக்குக் காட்டியதில்லை. தமிழ்த்துறை மாணவர்களே, யாப்பு தெரிந்த நீங்கள் ஒருவரும் வைத்தியம் தெரிந்த நாங்கள் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் நிறைய விளங்கும், நான் வரத் தயார்.

*

தஞ்சாவூர் என்றதும் எழுதத் தோன்றியது. இசை படிக்கிறேன், முத்துப்பழனிக்காகத் தெலுங்கு கற்றுக்கொண்டேன். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த கணிகையர் மரபுக் கவிஞர் அவர், எழுதியது 'ராதிகா சாந்த்வனம்' என்ற தெலுங்குக் காவியம். பின்னால் வந்த பதிப்பில் அவர் தன் பாட்டி, தாய் என்று பெண்வழியாகச் சொல்லிக்கொண்ட முகப்புப் பாடல்களையே எடுத்துவிட்டார்கள். பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தேடிப் பிடித்து 1910-ல் முழுசாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடை போட்டது, சுதந்திரத்தை ஒட்டித்தான் நீங்கியது. ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று கேட்ட தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கத்துக்கு, உங்கள் சொந்தப் புத்தகத்தில் இருப்பது மட்டும் என்ன என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டதைப் படித்தபோது எனக்கு எழுந்து நிற்கத் தோன்றியது. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியவரும், அங்கே அவர் நினைவாக நடக்கும் ஆராதனையில் பெண்கள் பாடவேண்டும் என்று 'பெண்கள் கட்சி' என்ற தனிக் குழுவை நடத்தியவரும் நாகரத்தினம்மாளே. ஆராதனைக்குப் போனபோது பக்கத்தில் இருந்தவர்களிடம் இந்தப் பதிப்பைப் பற்றிக் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை, எல்லாருக்கும் சமாதி மட்டும் தெரிந்திருந்தது.

மேலே எழுதிய மயிலாடுதுறை அக்காவுக்கு: மீதி நோட்டுகள் ஏதாவது இருந்தால் இனி யார் கேட்டாலும் மூலத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வீட்டிலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஒரு பிரதியை உங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருவேன், நீங்கள் சம்மதித்தால் கேமராவோடு வந்து எடுத்துத் தருகிறேன்.