1962 பீட்டிலுக்கு எந்த டயர் காலத்துக்குப் பொருந்தும்?

வண்டு62:
1962ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்றை, ஆலையிலிருந்து வெளிவந்த நிலைக்கே கொண்டுவர முயன்று வருகிறேன். அதற்குரிய 5.60-15 அளவில் (அகலம் 5.60 அங்குலம், ரிம் விட்டம் 15 அங்குலம்), அந்தக் காலத்திலேயே வார்க்கப்பட்டு இதுவரை சாலையைத் தொடாத கிராஸ்-பிளை (உள்ளிழைகள் சாய்வாகக் குறுக்கிடும் பழைய வகை) டயர்கள் ஐந்து கிடைத்துள்ளன. பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) துளியும் தேயவில்லை. உள்ளிழைகள் நேராக ஓடும் பிற்காலத்து ரேடியல் டயரைப் போட்டால் வண்டியின் நிற்கும் தோற்றமே மாறிவிடும் என்பதால் இவற்றையே மாட்ட எண்ணியுள்ளேன்.

பழஞ்சக்கரம்:
வேண்டாம் ஐயா. டயர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை, கிடந்தும் கெடும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக வைத்துவிடுகின்றன. பக்கச்சுவரை இரு கைகளாலும் அழுத்தி வளைத்து, பட்டன்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தின் அடியில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள், முடியிழை போன்ற வெடிப்புகள் வாய் திறக்கும். நானும் ஒருமுறை இத்தகைய டயரை நம்பினேன். காற்று இறங்கவில்லை, கறுப்பு மங்கவில்லை. ஆனால் ஒரு மணிநேரம் ஓடிச் சூடேறியதும் பட்டன் பட்டை முழநீளத்துக்கு உரிந்து, மட்கார்டை உள்ளிருந்தே அடித்து நெளித்துவிட்டது.

பழைய வடிவத்தையே புதிய ரப்பரில் வார்த்துத் தரும் கோக்கர் போன்ற நிறுவனங்கள் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு? அவற்றிலும் தேதியைப் பார்த்தே வாங்குங்கள்: பக்கச்சுவரில் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

நேர்கோடு:
ரேடியல் பிற்காலத்துச் சரக்கு என்ற முடிவை நான் ஏற்கவில்லை. மிஷலின் நிறுவனம் அதற்கு 1946இல் காப்புரிமை பெற்று, 1949இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆகவே 1962இல் ஒரு பீட்டில் உரிமையாளர் ரேடியல் வாங்கி மாட்டியிருந்தால் அதில் காலப்பிழை ஏதுமில்லை. 165ஆர்15 என்ற ரேடியல் அளவின் வெளிவிட்டமும் 5.60-15இன் வெளிவிட்டமும் ஏறத்தாழ 65 செ.மீ. என்பதால் வேகமானியும் பிசகாது. கிராஸ்-பிளையில் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், வளைவில் பக்கச்சுவர் நெளியும்போது பட்டனும் கூடவே இழுபடுகிறது. ரேடியலில் இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடி, மேலே பெல்ட் தனியாகப் பட்டனைத் தாங்குகிறது. ஈரச்சாலையில் திடீரென்று பிரேக் மிதித்துப் பார்த்தவருக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

வண்டு62:
1962இல் கடையில் கிடைத்தது வேறு, 1962இல் இந்த வண்டியோடு வந்தது வேறு. நான் தேடுவது இரண்டாவதை. ரேடியலின் பக்கச்சுவர் தரையருகே தொப்பைபோலப் பிதுங்கி நிற்பதைப் பார்த்தாலே எனக்கு வண்டி வேறாகிவிடுகிறது. நிறுத்திய இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதும் ரேடியல் கனக்கும்.

பழஞ்சக்கரம்:
இதில் நான் உங்கள் பக்கம். கூடுதல் பிடிப்பு என்றால் ரிம்மின் மீது கூடுதல் பக்கவிசை என்றும் பொருள், அறுபது ஆண்டுப் பழைய ரிம்மை வெடிப்புச் சோதனை செய்யாமல் அந்தச் சுமையை அதன் தலையில் ஏற்றக் கூடாது. நேர்கோடு அவர்கள் சொன்ன வழியில் போவதானாலும் நான்கையும் மாற்றுங்கள். முன்னே ரேடியலும் பின்னே கிராஸ்-பிளையுமாகக் கலந்தால், வளைவில் பின்புறம் முதலில் பிடியை விட்டு வண்டி சுழன்றுவிடும்.

நேர்கோடு:
ரிம் சோதனையை ஒப்புக்கொள்கிறேன். மழையில் ஓட்டுவதாக இருந்தால் ரேடியல்தான் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

வண்டு62:
நேற்றிரவு விளக்கு பிடித்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கின் பள்ளங்களில் வெடிப்பு இருக்கிறது. புதிதாக வார்த்த கிராஸ்-பிளை நான்கு வாங்கிக்கொண்டு, வெடிப்பில்லாத அந்த ஒன்றை மட்டும் முன்மூடிக்குள் ஸ்டெப்னியாக வைக்கப் போகிறேன்.

பழஞ்சக்கரம்:
ஸ்டெப்னியும் ஒருநாள் சாலையில் இறங்கும் டயர்தான் ஐயா, அதுவும் பெரும்பாலும் இருட்டில், அவசரத்தில். ஐந்தாகவே வாங்குங்கள்.