ரேக்கா, ஃப்ளோரா: மேடையில் பார்த்ததைச் சொல்லுங்க

பெரம்பூர் ப்ளெக்ட்ரம்:

டிஜிட்டல் மாடலர் (கிட்டாருக்கான ஆம்ப், எஃபெக்ட் சத்தத்தையெல்லாம் கம்ப்யூட்டர் மாதிரி உருவாக்குற பெட்டி) வாங்கப் போற பசங்க என்கிட்ட கேக்கிற முதல் கேள்வி, "ரேக் சவுண்ட் நல்லா இருக்குமா, ஃப்ளோர் சவுண்ட் நல்லா இருக்குமா?"ன்னுதான். ரேக்னா பெட்டிக்குள்ள ஸ்க்ரூ போட்டு மாட்டுறது, கால்ல மிதிக்கத் தனியா ஒரு கன்ட்ரோலர் வேணும். ஃப்ளோர்னா மாடலரையே தரையில வச்சு மிதிக்கிறது. ஒரே கம்பெனிக்குள்ள பார்த்தா காதுக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. லைன் 6 ஹீலிக்ஸ் 2015-ல வந்தப்பவே ஃப்ளோரும் ரேக்கும் சேர்ந்துதான் வந்துச்சு, உள்ளே இருக்கிற ஆம்ப் மாடல் எல்லாம் அதேதான். கெம்பர் ரொம்ப வருஷம் ஹெட்டும் (ஸ்பீக்கர் மேல வைக்கிற பெட்டி) ரேக்குமா ஓடிட்டு, 2019-ல தரையில வைக்கிற 'ஸ்டேஜ்'ஐ இறக்கினாங்க. ரேக்ல சேமிச்ச சவுண்டை (ரிக்னு சொல்வாங்க) ஸ்டேஜ்ல ஏத்தினா அதே சத்தம் வரும். ஃப்ராக்டல்லதான் கொஞ்சம் கணக்கு பார்க்கணும். ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3 ரேக்கும் எஃப்எம்9 ஃப்ளோரும் ஒரே நேரத்துல ரெண்டு ஆம்ப் ஓட்டும், எஃப்எம்3 ஒண்ணுதான். எஃபெக்ட்டை அடுக்கிக்கிட்டே போனா ஃப்ளோருக்குத்தான் முதல்ல மூச்சு வாங்கும். ரிசப்ஷன்ல வாசிக்கிறவனுக்கு அந்த எல்லை வரைக்கும் போற வேலையே வராது.

அதனால இங்க டோன் சண்டை வேணாம். சென்னையில மேடை ஏறினவங்க, தூக்கிட்டு அலைஞ்சவங்க, கரண்ட் போய் முழிச்சவங்க பார்த்ததைச் சொல்லுங்க. நானே ஆரம்பிக்கிறேன்.

நான் லைட் மியூசிக் ஆள். எங்க ட்ரூப்ல பாடுறவங்க தவிர எல்லாருக்கும் சேர்தான். நின்னு மிதிக்கிறதும் பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து மிதிக்கிறதும் ஒண்ணு இல்லை. உட்கார்ந்தா முன்வரிசை சுவிட்ச் முழங்காலுக்கு நேர் கீழே வந்துடும். பின்வரிசைக்குக் காலை நீட்டணும், அங்க நோட்டேஷன் ஸ்டாண்டோட கால் குறுக்கே நிக்கும். வலது ஓரத்துல இருக்கிற எக்ஸ்பிரஷன் பெடல்ல வா-வா எஃபெக்ட் போடணும்னா சேரையே கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கணும்.

அடுத்தது ஆடி மாசம். வடசென்னையில அம்மன் கோயில் திருவிழா மேடைன்னா செருப்பைக் கீழேயே விட்டுட்டு ஏறணும். வெறும் கால்ல ஸ்டீல் சுவிட்சை ராத்திரி ஒரு மணி வரைக்கும் மிதிச்சுப் பாருங்க, கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற சதை மறுநாள் பேசும். இன்னொண்ணு, ஹீலிக்ஸ் ஃப்ளோரோட சுவிட்ச் விரல் பட்டாலே உணரும். குனிஞ்சு தொட்டா அந்த சுவிட்சுல இருக்கிற எஃபெக்ட் திரையில வந்து நிக்கும், எடிட் பண்ண அருமையான வசதி. ஆனா வெறும் காலும் தோல்தானே, சும்மா உரசினாலே திரை தாவும். குளோபல் செட்டிங்ல போய் அழுத்தினா மட்டும்னு மாத்திட்டா தீர்ந்துச்சு. ஷூ போட்டு வாசிக்கிற ஊர்க்காரங்க எழுதுற ரிவ்யூல இதெல்லாம் வரவே வராது.

இவ்வளவு சொன்னாலும் நான் ஃப்ளோர் கட்சிதான். எங்க மேடையில பாட்டு வரிசை அங்கேயே மாறும். பாடகர் திரும்பி ஒரு பாட்டோட முதல் வார்த்தையைச் சொல்வார், டிரம்மர் ஸ்டிக்கைத் தட்டிடுவார். அந்த நாலு தட்டுக்குள்ள அந்தப் பாட்டுக்குச் சேமிச்சு வச்ச சவுண்டை, அதாவது ப்ரீசெட்டைப் பிடிச்சாகணும். பெரிய திரை கண்ணு முன்னாடி இருந்தா பிடிச்சுடலாம், முதுகுக்குப் பின்னாடி இருந்தா முடியாது. ஒரு பாட்டுக்குள்ள க்ளீன், லீட், நைலான் மாதிரி ஒண்ணுன்னு மாத்துறதுக்கு ஸ்னாப்ஷாட் இருக்கு. ஹீலிக்ஸ்ல ஒரு ப்ரீசெட்டுக்கு 8, ஃப்ராக்டல்ல அதையே 'சீன்'னு சொல்வாங்க, அங்கேயும் 8.

சாலிகிராமம் சஸ்டெயின்:

தலைவரே, திரை முதுகுக்குப் பின்னாடிங்கிறது பாதிதான் சரி. ரேக்குக்கு வர்ற கால் கன்ட்ரோலர், ஃப்ராக்டலோட எஃப்சி-12 ஆகட்டும், ஹீலிக்ஸ் கன்ட்ரோல் ஆகட்டும், ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு குட்டி டிஸ்ப்ளே இருக்கு. என்ன சவுண்டுன்னு கால்கிட்டயே எழுத்துல தெரியும்.

நான் ரேக். கல்யாண மேடையில நமக்குக் கிடைக்கிற நேரம், டெக்கரேஷன்காரங்க பூ கட்டி முடிச்சு இறங்குறதுக்கும் முதல் விருந்தாளி மொய் கவரோட உள்ள வர்றதுக்கும் நடுவுல இருக்கிற சந்துதான். என் பெட்டி 10 யூ, யூங்கிறது ரேக்கோட உயர அளவு. ஒரு யூன்னா 44.45 மில்லிமீட்டர், அதனால பெட்டி கிட்டத்தட்ட ஒண்ணரை அடி உயரம், கீழே சக்கரம். மேலே வயர்லெஸ் ரிசீவர், அடுத்து இன்-இயர் (காதுல மாட்டிக் கேக்கிற மானிட்டர்) டிரான்ஸ்மிட்டர், அதுக்குக் கீழ 3 யூ மாடலர், அடியில வீட்டு கம்ப்யூட்டருக்கு வைக்கிற சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸை பெல்ட் போட்டுக் கட்டியிருக்கேன். உள் ஒயர் எல்லாம் வீட்லயே மாட்டி டை கட்டியாச்சு. மேடையில மூடியைத் திறந்தா வெளிய போறது நாலே ஒயர்: பவர் ஒண்ணு, மிக்சருக்கு எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள்) ரெண்டு, கன்ட்ரோலருக்கு ஒண்ணு. பக்கத்துல ஃப்ளோர்காரர் வயர்லெஸ்ஸுக்கு ஒரு அடாப்டர், இன்-இயருக்கு ஒரு அடாப்டர்னு ஸ்பைக் பஸ்டர்ல இடம் தேடிட்டிருப்பார்.

ஈசிஆர் பக்கம் ஒரு ரிசப்ஷன். ரெண்டாவது சரணம் போயிட்டிருக்கு, கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் எடுக்க சில செகண்ட்தான் ஆச்சு. ஆனா மாடலர்ங்கிறது கம்ப்யூட்டர் சார், கண் இமைக்கிற நேரம் பவர் போனாலும் முதல்லேருந்து பூட் ஆகணும். விளக்கு வந்துச்சு, பி.ஏ. வந்துச்சு, பாடகி விட்ட வரியிலேருந்து எடுத்துட்டாங்க, கீபோர்டு இன்னும் லோகோ காட்டிட்டிருக்கு. என் பெட்டியில யூபிஎஸ் பீப் பீப்புன்னு கத்தினதோட சரி. அந்த சரணம் முடியற வரைக்கும் பாடகிக்கு கிட்டார் கார்டு (chord) பிடிச்சது நான் ஒருத்தன்தான்.

ரேக்குக்கு வில்லன் அந்த நாலாவது ஒயர். கெம்பர் ரிமோட்டுக்கு ஈத்தர்நெட் கேபிள், ஃப்ராக்டலுக்கு சாதாரண மைக் எக்ஸ்எல்ஆர். டேட்டா, பவர் ரெண்டும் அதுலயே போகுது. மேடைக்குக் குறுக்க அது ஓடும். வீடியோக்காரர் கிம்பலை (கேமரா ஆடாம பிடிக்கிற கைப்பிடி) பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே நடந்து வருவார், அவர் கண்ணு மணமக்கள் மேலதான் இருக்கும். இழுத்துட்டார்னா மாடலர் இருந்த சவுண்ட்லயே நிக்கும், மாத்த மட்டும் முடியாது. டிரம்ஸ் மேடைக்குப் பின்னாடி சுத்திவிட்டு டேப் ஒட்டணும், வேற வழியில்லை. எக்ஸ்எல்ஆர்னா மிக்சர்காரர் பெட்டியிலேருந்து ஒண்ணு கடன் வாங்கிடலாம். நல்ல ஈத்தர்நெட் கேபிள் மேடையில யார்கிட்டயும் இருக்காது, நீங்களே ஸ்பேர் வச்சுக்கணும்.

எங்க ட்ரூப்புக்கு டிரம்ஸ் ஏத்துற டெம்போ வருது, அதுல என் பெட்டியும் போகுது. வண்டி இல்லாதவங்க ரேக் பத்தி யோசிக்கவே வேணாம். லிஃப்ட் இல்லாத மாடி மண்டபத்துல யூபிஎஸ்ஸோட சேர்த்து அதை ஏத்தினவன் நான், சும்மா சொல்லலை.

மிக்சர் அண்ணன்:

நீங்க ரெண்டு பேரும் எனக்கு அனுப்புறது ரெண்டு எக்ஸ்எல்ஆர்தான்பா. கன்சோல்லேருந்து பார்த்தா ரேக்காவது ஃப்ளோராவது.

ஆனா ஃப்ளோர்காரங்களுக்கு ஒண்ணு சொல்லியாகணும். இப்பல்லாம் மணமக்கள் என்ட்ரிக்கு ட்ரை ஐஸ் புகை விடாத ரிசப்ஷனைத் தேடிக் கண்டுபிடிக்கணும். அந்தப் புகை மேலே ஏறாது, குளிர்ந்த கனமான புகை, தரையோட படரும். உங்க இன்ட்ரோ லீடும் கரெக்டா அப்பதான் இருக்கும். கீழ பார்த்தா வெள்ளை. எல்.இ.டி. நிறம் மங்கலாத் தெரியும், எழுத்து தெரியாது. ஒரு பையன் ஓரத்துலேருந்து பெருவிரலால ஒவ்வொரு சுவிட்சா தடவித் தடவி எண்ணி லீடைப் பிடிச்சான், நான் ஃபேடர்ல கையை வச்சுக்கிட்டே சிரிக்கவும் முடியாம உட்கார்ந்திருந்தேன். என்ட்ரிக்கு வேண்டிய சவுண்டை ஓரத்து சுவிட்சுல போடுங்க, கண்ணு வேணாம், காலே கண்டுபிடிச்சுடும். புகையில ஈரமும் உண்டு. மிஷினோட குழாய் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு முதல்லயே கேட்டு, பெடலை எதிர்ப் பக்கம் போடுங்க. ரேக்காரனுக்கு நனைஞ்சா கன்ட்ரோலரோட போகும். உங்களுக்கு நனையறது மொத்த முதலும்.

அடுத்தது ஹம். சீரியல் செட்டும் மேடை பவரும் ஒரே லைன்ல வந்தா 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் கிட்டார் சேனல்ல வந்து உட்காரும். மாடலர்ல கிரவுண்ட் லிஃப்ட் (சிக்னல் கேபிளோட கிரவுண்டை மட்டும் துண்டிக்கிற சுவிட்ச்) இருந்தா அதைப் போடுங்க, இல்லைன்னா என்கிட்ட டி.ஐ. பாக்ஸ் (கிட்டாருக்கும் மிக்சருக்கும் நடுவுல போடுற சின்னப் பெட்டி) கேளுங்க. எடிட் பண்ண யூஎஸ்பி-யில சொருகின லேப்டாப்பை மேடையில கழட்டிடுங்க, பாதி ஹம் அதோட சார்ஜர் வழியாத்தான் வருது. பிளக்கோட எர்த் பின்னைப் பிடுங்குற வேலை மட்டும் வேணாம். கையில ஸ்டிரிங், உதட்டுல மைக், உயிர் போற விஷயம் அது.

லெவல் பத்தியும் சொல்லிடறேன். வீட்ல ஹெட்ஃபோன்ல ப்ரீசெட் செஞ்சுட்டு வர்றாங்க. க்ளீன் ஒரு லெவல், லீட் அதைவிட டபுள், நடுவுல ஒண்ணு காதுக்கே எட்டாது. எவ்வளவு விலை கொடுத்து எந்த மாடல் வாங்கினாலும் அதை அது தானா சரி பண்ணாது.

ஓ.எம்.ஆர். ட்ரெமெலோ:

ப்ரோஸ், உங்க எல்லார்கிட்டயும் டெம்போ இருக்கு, என்கிட்ட ஆக்டிவா ஸ்கூட்டர்தான் இருக்கு. பகல்ல சோழிங்கநல்லூர்ல வேலை, சனிக்கிழமை சாயங்காலம் கவர் பேண்ட். என் ஃப்ளோர் மாடலர் க்வாட் கார்டெக்ஸ் ரெண்டு கிலோ கூட இல்லை, லேப்டாப் பேக்ல லேப்டாப் இடத்துலயே போயிடும். மிதிக்கிற சுவிட்ச்சே கையால சுத்துற குமிழாவும் இருக்கிறதால அவ்வளவு சின்னதா பண்ணியிருக்காங்க. ஆனா சின்னதுன்னா சுவிட்சும் நெருக்கம், அகலமான ஷூ போட்டா ரெண்டு சேர்ந்து அழுந்தும். பெங்களூர் ஷோன்னா ரயில்ல தலைக்கு மேல, ஃப்ளைட்னா கேபின்ல. 7 கிலோ கேபின் கணக்குல 10 யூ பெட்டியை எங்க வைப்பீங்க?

பயம் ஒண்ணே ஒண்ணு, வெளி அடாப்டர். ஹீலிக்ஸ் ஃப்ளோர், எஃப்எம்9, கெம்பர் ஸ்டேஜ் எல்லாத்துலயும் கம்ப்யூட்டர் பவர் கார்டு நேரா உள்ள போகும், யார்கிட்டயும் ஒண்ணு கிடைக்கும். எனக்கு 12 வோல்ட், 3 ஆம்ப் அடாப்டர். அது வீட்ல மறந்தா ஷோவே இல்லை. ஸ்பேர் ஒண்ணு பேக்ல எப்பவும் இருக்கு.

சாலிகிராமம் அண்ணா, யூபிஎஸ் ஃப்ளோருக்கும் வைக்கலாமே? டிரம்மர் பக்கத்துல வச்சு ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்தா போச்சு. அது ரேக்கோட பெருமை இல்லை, யூபிஎஸ்ஸோட பெருமை.

சாலிகிராமம் சஸ்டெயின்:

வைக்கலாம் தம்பி. ஆக்டிவால யூபிஎஸ்ஸை எங்க வைப்பே, அதையும் சொல்லிடு.

வேப்பேரி ட்வாங்:

எங்க சர்ச்ல ரேக். வாசிக்கிறவங்க வாராவாரம் மாறுவாங்க. மாடலர் சவுண்ட் ரூம்ல பூட்டின பெட்டிக்குள்ள இருக்கு, வெளிய கன்ட்ரோலர் மட்டும். ஆளாளுக்கு ஒரு ப்ரீசெட் வரிசை. குளோபல் செட்டிங்ல கை வைக்க ஒருத்தருக்குத்தான் சாவி. இது ஃப்ளோரா இருந்திருந்தா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் முதல் பாட்டுலதான் யாரோ அவுட்புட்டை மாத்தினது தெரியவந்திருக்கும். பல பேர் பங்கு போட்டுக்கிற இடத்துக்கு என்னைக் கேட்டா ரேக்தான்.

அடையாறு ஆர்பெஜியோ:

அண்ணா எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் பேண்ட்ல வாசிக்கிறேன், ஒரு தடவைதான் வாங்க முடியும். முதல்ல ஃப்ளோர் வாங்கிட்டுப் பின்னாடி ரேக் மாதிரி மாத்திக்க முடியுமா? இல்ல செகண்ட் ஹேண்ட் ரேக் தேடட்டுமா? ஓஎல்எக்ஸ்ல ரேக் கொஞ்சம் மலிவா இருக்கிற மாதிரி தெரியுது.

பெரம்பூர் ப்ளெக்ட்ரம்:

தம்பி, மலிவா இருக்குன்னா அதைத் தூக்கிட்டு அலைய ஆள் இல்லைன்னு அர்த்தம். நீயும் காலேஜ் விட்டு காலேஜ் பஸ்லதான் போகப் போற. ஃப்ளோர் வாங்கு. நாளைக்கு வண்டி, ட்ரூப், இன்-இயர் எல்லாம் வந்தா வயர்லெஸ், இன்-இயர், யூபிஎஸ் மூணையும் ஒரு சின்ன ரேக் பெட்டியில போட்டுக்கலாம், மாடலர் கால்லயே இருக்கட்டும். இல்லைன்னா எஃப்எம்3 மாதிரி சின்னதை ரேக் ஷெல்ஃப்ல உட்கார வச்சு, எஃப்சி-6 மட்டும் கால்ல போடலாம். ஃப்ளோர்லேருந்து ரேக் பக்கம் போக வழி இருக்கு, ரேக்கை ஃப்ளோராக்க முடியாது.

சாலிகிராமம் சஸ்டெயின்:

அவர் சொன்னதை ஒத்துக்கறேன். மீறி ரேக்தான்னு அடம்பிடிச்சா, செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போறப்ப கன்ட்ரோலரோட சேர்த்துத்தான் விலை பேசு. தனியா வாங்கப் போனா மலிவெல்லாம் ஓடிப் போயிடும். விக்கிறவர் வீட்ல அரை மணி நேரம் சூடாக விட்டு, பின்பக்கம் ஒவ்வொரு சாக்கெட்டையும் ஜாக்கோட லேசா ஆட்டிப் பாரு. கன்ட்ரோலர் சாக்கெட்டை ரெண்டு தடவை ஆட்டு, கேபிள் இழுபட்ட காயமெல்லாம் அங்கதான் இருக்கும்.

மிக்சர் அண்ணன்:

ரேக் காதை (பெட்டியில ஸ்க்ரூ போட ரெண்டு பக்கமும் நீட்டியிருக்கிற தகடு) மறந்துட்டீங்களே. நாலு ஸ்க்ரூல ரெண்டு இல்லாம ஆடிக்கிட்டே வந்த பெட்டி எத்தனை பார்த்திருக்கேன். காது வளைஞ்சிருந்தா அந்தப் பெட்டி எங்கேயோ விழுந்திருக்கு, விலையைக் குறைச்சுக் கேளு. ஸ்க்ரூவும் வாஷரும் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், கூடவே நல்ல கனெக்டரா பார்த்து எக்ஸ்எல்ஆர் ரெண்டு வாங்கி லெஃப்ட், ரைட் லேபிள் ஒட்டிடு.