ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வெளியில் வைத்துப் பாடம்: 40 நிமிடத்தில் என்ன செய்யலாம்?

கேட்டவர்: சரளைத்திடல்

கானாடுகாத்தான் பக்கம் கிராமப் பள்ளி. ஒன்றும் இரண்டும் சேர்ந்த வகுப்பு, 24 பிள்ளைகள், நான் ஒருத்திதான். முன்னால் செம்மண் சரளைத் திடல், இரண்டு வேம்பு, ஒரு புங்கை, சுற்றுச்சுவர் ஓரமாகப் பூவரசு. தெருக்கோடியில் ஊரணி. எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டம்) பயிற்சி நூலில் வருகிற கணக்கையும் சூழ்நிலையியலையும் வெளியில் வைத்துச் செய்ய வேண்டும். வெளியே விட்டதும் பாதிப் பேர் ஓடிப்பிடித்து விளையாடப் போய்விடுகிறார்கள். திரும்பக் கூட்டிச் சேர்ப்பதற்கே கால் மணி நேரம் போகிறது. செலவில்லாத வழியாகச் சொல்லுங்கள்.

பதில்: ஈர்க்குக்கட்டு

டீச்சர், பிள்ளைகள் ஓடுவது திடலைப் பார்த்ததால் இல்லை, வேலை தெரியாததால். "போய் மரத்தைப் பாருங்க" என்று அனுப்பினால் ஓடத்தான் செய்வார்கள். கையில் எதைக் கொண்டுவர வேண்டும், எத்தனை, எங்கே வைக்க வேண்டும், இந்த மூன்றையும் வகுப்புக்குள் வைத்தே சொல்லி, ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்ல வைத்துவிட்டு வெளியே வாருங்கள். ஒரு பாடவேளைக்கு ஒரு வேலைதான்.

நாலு பேர் வீதம் ஆறு குழு. குழுவுக்கு 3 மீட்டர் சணல் கயிறு. இரு நுனியையும் முடிந்து தரையில் விரித்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் வட்டம் வரும். அதுதான் அந்தக் குழுவின் வீடு. கோலமாவில் வட்டம் போட்டால் சரளையில் பத்து நிமிடம்கூட நிற்காது. கூப்பிடுவதற்கு விசில் வேண்டாம், விசில் என்றாலே அவர்களுக்கு விளையாட்டுப் பீரியட். கைதட்டு ஒரே தாளத்தில் இருக்கட்டும். முதல் வாரம் வேறெந்தப் பாடமும் இல்லாமல் தட்டியதும் வட்டத்துக்குள் வருவதை மட்டும் பழக்குங்கள்.

முதல் வேலைக்கு ஈர்க்குதான் நல்லது. பழைய விளக்குமாற்றைப் பிரித்து, அடிப்பக்கத் தடித்த பாதியை மட்டும் 10 செ.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். நுனிப்பக்கம் ஒடியும், கண்ணிலும் குத்தும். வெட்டிய முனையைச் சிமெண்டுத் தரையில் இரண்டு தேய் தேய்த்தால் கூர் போய்விடும். மரத்தடியில் பரப்பிவிட்டு, பத்துப் பத்தாக எடுத்து ரப்பர் பேண்டு போட்டு வட்டத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். ஒன்பதிலும் பதினொன்றிலும் கட்டுப் போடுவார்கள், அதை நீங்கள் திருத்தாதீர்கள். பக்கத்துக் குழு அவிழ்த்து எண்ணிப் பார்க்கட்டும். எங்கே பிசகியது என்று அவர்களே சண்டை போட்டுக் கண்டுபிடிப்பார்கள், அந்தச் சண்டைதான் பாடம்.

அடுத்து இலை. உதிர்ந்த இலை மட்டும், பறிக்கக் கூடாது. எப்படிப் பிரிப்பது என்று முன்கூட்டிச் சொல்லாமல் "ஒண்ணுபோல இருக்கறதச் சேத்து வைங்க" என்றால் போதும். நிறம், அளவு, ஓரம் என்று தாங்களாகவே வருவார்கள். வேம்பில் ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும், புங்கையில் வழவழவென்று இருக்கும். இங்கே ஒரு சிக்கல்: வேம்பிலும் புங்கையிலும் நாம் இலை என்று எடுப்பது சிற்றிலை, காம்போடு சேர்ந்த முழுக் கொத்துதான் ஓர் இலை. இரண்டாம் வகுப்புக்கு அதைக் காட்டலாம், ஒன்றாம் வகுப்பைக் குழப்ப வேண்டாம்.

இலை அச்சு எடுப்பதானால் அப்போது விழுந்த மஞ்சள் பூவரசு இலை நல்லது. நரம்பு புடைத்த அடிப்பக்கம் மேலே இருக்க வேண்டும், மேலே மெல்லிய தாள், கிரேயானின் காகிதத்தை உரித்துப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நட்டுவைத்துத் தேய்த்தால் தாள் கிழியும். காய்ந்த இலை நொறுங்கும். (ஆத்தங்குடிக் கல்லில், அதாவது செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் போடும் பூவேலைக் கல்லில், இப்படி அச்சு எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். வராது. மேல்பரப்பு கண்ணாடி மாதிரி, தேய்த்தால் வெறும் வண்ணம்தான். அதில் பூவேலை எத்தனை கல்லுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று எண்ண வைக்கலாம்.)

பதில்: நிழல்கோல்

நிழல் அளப்பதை விட்டுவிடாதீர்கள். 1 மீட்டர் குச்சி. சரளையில் நட முடியாது; பெயிண்ட் டப்பாவில் மணலை இறுக்கி அதில் நடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுக் குச்சி நேராக நிற்கிறதா பாருங்கள், சாய்ந்திருந்தால் எல்லா அளவும் தப்பு. காலை 10, 11, நண்பகல், பிற்பகல் 2, 3 மணிக்கு நிழலின் நுனியில் செம்பூரான் கல் துண்டு ஒன்றை வைத்து, சாக்பீஸில் மணியை எழுதுங்கள். டப்பா நகராமல் அதைச் சுற்றியும் கோடு போட்டுக்கொள்ளுங்கள், பந்து பட்டால் வேலை வீண்.

பலர் தவறுவது நண்பகலில்தான். நம் கடிகாரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, உங்கள் பக்கத்துக் காரைக்குடி அதற்கு மேற்கே, 78.8 பாகைக்குப் பக்கம். ஆகவே சூரியன் உச்சிக்கு வர நமக்குச் சராசரியாக 15 நிமிடம் தாமதம். மிகக் குட்டையான நிழல் ஆகஸ்டில் 12.15-ஐ ஒட்டி வரும்; நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கே, பிப்ரவரியில் 12.30-ஐ நெருங்கி. 12 அடித்ததும் அளந்துவிட்டு "இதுதான் குட்டை" என்று சொல்லிவிடக் கூடாது.

உச்சி நிழல் எப்போதும் வடக்கே விழும் என்பதும் இங்கே பொருந்தாது. ஜூன் கடைசியில் அது தெற்கே சுமார் 24 செ.மீ., டிசம்பர் கடைசியில் வடக்கே சுமார் 66 செ.மீ. இடையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் தேர்வு, விடுமுறை என்று போய்விடும். ஆகஸ்ட் 26, 27-ஐ நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

பிள்ளைகள் முதலில் தங்கள் பாதத்தால் அளக்கட்டும். ஒருவருக்கு ஐந்து வரும், இன்னொருவருக்கு நாலரை வரும். பிறகு எல்லோருக்கும் ஒரே நீள ஈர்க்கைக் கொடுங்கள். நண்பகல் அளவுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வெயிலில் நிறுத்தாதீர்கள், செருப்போடு வரட்டும்.

பதில்: முள்வேலி

எண்ணுவதற்குக் குன்றிமணி வேண்டவே வேண்டாம். அழகாக இருக்கிறதென்று சிலர் கொடுக்கிறார்கள். ஓடு உடைந்தால் உள்ளே இருப்பது கடும் விஷம். புளியங்கொட்டை சரி, ஆனால் ஒன்றாம் வகுப்பில் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும் வயசு. அவர்களுக்கு ஈர்க்கு போதும். முதல் நாளே நீங்கள் ஒரு சுற்று நடந்து சீமைக்கருவேல் முள், எறும்புப் புற்று, கண்ணாடிச் சில்லு பார்த்துவிடுங்கள். அரளியும் எருக்கும் இருந்தால் எல்லைக்கு வெளியே விடுங்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பதில்: படித்துறை

எல்லோரும் திடலையே சொல்கிறீர்கள். ஊரணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போகாமல் இருப்பதா? தண்ணீருக்கு மேலே தெரிகிற படிகளை மாதம் ஒருமுறை எண்ணிச் சார்ட்டில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டினால், ஐப்பசி, கார்த்திகையில் படி மறைவதும் பங்குனி, சித்திரையில் வெளியே வருவதும் படமாகவே தெரியும். மழைத்தண்ணீர் எந்த வரத்துக்கால் வழியாக உள்ளே வருகிறது என்பதையும் காட்டலாம்.

பதில்: ஈர்க்குக்கட்டு

யோசனை நல்லதுதான் சார், ஆனால் டீச்சர் ஒருத்தராக 24 பிள்ளைகளோடு தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் பெரியவர்களே வழுக்குவார்கள். கூட இரண்டு பெரியவர்கள் வந்தால் கரைமேல் நின்று எண்ணலாம், படியில் இறங்காமல். இல்லையென்றால் டீச்சரே படம் எடுத்துவந்து வகுப்பில் எண்ண வையுங்கள்.

அதே பாடத்தைத் திடலில் மழைமானி வைத்து நடத்தலாம். 2 லிட்டர் பெட் பாட்டில், இடுப்பு ஒடுங்காமல் நேராக இருப்பது வேண்டும். கழுத்துப் பகுதியை, பாட்டில் நேராகத் தொடங்கும் இடத்தில் வெட்டி, தலைகீழாகப் புனல்போலச் செருகுங்கள். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் அங்கிருந்து அளந்தால் கணக்குத் தப்பும். கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைப் பூஜ்யம் என்று வையுங்கள். கல் கனமாகவும் ஆச்சு, காற்றில் சாயாது. சுவர், மரத்திலிருந்து அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். வானிலைத் துறை அளப்பது காலை 8.30-க்கு, நீங்கள் பள்ளி தொடங்கியதும் அளந்துவிட்டுப் பூஜ்யக் கோடு வரை கொட்டிவிடுங்கள். இந்த வயசில் மில்லிமீட்டர் படிக்க வராது. 5 மி.மீ.-க்கு ஒரு கட்டம் வண்ணம், அவ்வளவுதான்.

கேட்டவர்: சரளைத்திடல்

ஈர்க்கிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு வகுப்புக்கும் ஒரே பொருளைக் கொடுத்து வேறு வேறு கேள்வி கேட்க ஏதாவது உண்டா?

பதில்: நிழல்கோல்

புள்ளிக் கோலம். 1, 3, 5, 3, 1 என்று வரிசை. மொத்தம் 13 புள்ளி. ஒன்றாம் வகுப்பு புள்ளியை எண்ணட்டும். இரண்டாம் வகுப்பு வரிசை எண்களை எழுதிக் கூட்டி, நடு வரிசையை 7 ஆக்கி 1, 3, 5, 7, 5, 3, 1 போட்டால் எத்தனை கூடும் என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு வைத்துப் பார்க்கட்டும் (12 கூடி 25 வரும்). சரளையில் மாவு சரிப்படாது, புள்ளிக்குக் கூழாங்கல் வையுங்கள். கோடு இழுக்க வேண்டுமென்றால் தாழ்வாரச் சிமெண்டில் சாக்பீஸ்.