‘அவர்கள் பாடுகிறார்கள்’: பிரெஞ்சில் இந்த வினைக்கு எத்தனை அசை?

லாகூர்நெவ்_அப்பா:
மகள் இங்க சேபே, அதாவது முதலாம் வகுப்பு. சொல்லை அசை பிரிச்சு, ஒவ்வொரு அசைக்கும் கை தட்டோணும் எண்டு வீட்டுவேலை. ‘இல் ஷான்த்’ எண்டதில வினைக்கு ஒருதரம்தான் தட்டுறாள். எழுத்தில பார்த்தா ‘ஷான்-தென்ட்’ எண்டு ரெண்டு துண்டு. எது சரி? ஒருமையும் பன்மையும் ஒரே மாதிரிக் கேட்குதே, எப்படிப் பிரிச்சறியிறது?

புதுவை_டீச்சர்:
அண்ணா, பிள்ளை தட்டியதுதான் சரி. நீங்கள் பிரித்தது வரிக் கடைசியில் சொல்லை உடைக்கும் கணக்கு. படர்க்கைப் பன்மை ஈற்றில் வரும் ஈ-என்-டி பேச்சில் ஊமை. நான், நீ, அவன், அவர்கள் நான்குக்கும் ‘ஷான்த்’, ஓரசை. ‘நூ ஷான்தோன்’ (நாங்கள் பாடுகிறோம்), ‘வூ ஷான்தே’ (நீங்கள் பாடுகிறீர்கள்) இரண்டும்தான் ஈரசை.

ஒருமை பன்மைக்கு, உயிரில் தொடங்கும் வினையைக் கேளுங்கள். ‘அவன் நேசிக்கிறான்’ இ-லெம். ‘அவர்கள் நேசிக்கிறார்கள்’ இல்-ஸெம், அந்த ‘ஸ’ வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிரும். உடல்மேல் உயிர் வந்து ஒன்றுவது நமக்குப் பழகியதுதானே? அவன், எங்கே இரண்டும் சேர்ந்தால் ‘அவ-னெங்-கே’ என்றுதானே பிரிகிறது? அதனால் பிரதிப்பெயரை வெட்டிவிட்டு வினையை மட்டும் மனப்பாடம் செய்யவே கூடாது. என் மாணவர்களைப் புத்தகத்தை மூடிவிட்டுத்தான் சொல்லச் சொல்வேன்.

வேறு சில வினைகளில் பன்மையில் மெய் விழித்துக்கொள்ளும். தூங்குகிறான் ‘தோர்’, தூங்குகிறார்கள் ‘தோர்ம்’. முடிக்கிறான் ‘ஃபினி’, முடிக்கிறார்கள் ‘ஃபினிஸ்’. ‘இல் ஷான்த்’ போன்றவற்றில்தான் காதுக்கு வழியே இல்லை, முன்பின் பேச்சை வைத்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

நாடகப்பிரியன்:
செய்யுளில் கணக்கு மாறும். பிரெஞ்சு நாடகாசிரியர் ரசீனின் ‘ஆந்த்ரொமாக்’ (1667) நாடகத்தில் பாம்புகள் சீறும் புகழ்பெற்ற அடி 12 அசை. அங்கே ‘சீறுகின்றன’ என்ற வினை ‘சி-ஃப்ல’ என்று ஈரசை, அடியின் நடுவில் வருவதால். பேச்சில் அதே சொல் ஓரசை. இரண்டாம் அசையை விழுங்கினால் அந்த அடியே நொண்டும்.

லாகூர்நெவ்_அப்பா:
நல்லா விளங்குது, நன்றி. அப்ப ஈ-என்-டி எங்க வந்தாலும் விட்டிடலாமோ?

புதுவை_டீச்சர்:
வேண்டாம் அண்ணா! படர்க்கைப் பன்மை வினைக்கு மட்டும். ‘கூவ்’ என்றால் அடைகாக்கின்றன. அதே எழுத்துகள் பெயர்ச்சொல்லானால் ‘கூவான்’, கன்னிமடம். ‘வருகிறான்’ என்பதும் ஈ-என்-டியில்தான் முடியும், ஆனால் ஒருமை, அதனால் ‘வியான்’ என்று மூக்கொலி வரும். வருகிறார்கள் ‘வியென்’, கடைசியில் ‘ன்’ தெளிவாகக் கேட்க வேண்டும்.