புதுப்பிப்பு: தனியார் பல்கலைக்கழகத்தில் பணிக்கொடை கிடைத்துவிட்டது

உதவிப் பேராசிரியர் வேலையை ராஜினாமா செய்தபோது, ஆசிரியர்களுக்குப் பணிக்கொடை (gratuity, வேலையை விடும்போது தரும் மொத்தத் தொகை) கிடையாது என்று நிர்வாகம் மறுத்ததை 2024இல் இங்கே எழுதியிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, தொழிலாளர் துறைக்குப் போகச் சொன்ன யோசனைதான். அப்போது நடைமுறையில் இருந்த 1972 பணிக்கொடைச் சட்டப்படி முதலில் நிர்வாகத்துக்குப் பணிக்கொடை கேட்கும் படிவம் ‘ஐ’ (Form I) பதிவுத் தபாலில் அனுப்பினேன், பதில் இல்லை. அப்புறம் இந்தப் புகார்களை விசாரிக்கும் தொழிலாளர் துறைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம், உத்தரவு கேட்கும் படிவம் ‘என்’ (Form N) கொடுத்தேன். அந்தச் சட்டத்தின் 2009 திருத்தம் ஆசிரியர்களை 1997 ஏப்ரல் 3 முதலே சேர்த்திருந்தது, உச்ச நீதிமன்றமும் 2022இல் அதை உறுதிசெய்தது. இதைக் காட்டியதும் நிர்வாகத்தின் வாதம் நிற்கவில்லை.

எதிர்பாராதது, தாமதத்துக்கு வட்டியும் சேர்த்துத் தர உத்தரவானது. அந்தச் சட்டப்படி கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் கூட்டி, 15/26ஆலும் பணியாற்றிய ஆண்டுகளாலும் பெருக்கினார்கள். 6 மாதத்துக்கு மேலான மிச்சம் முழு ஆண்டாகவே சேரும். இதை நிர்வாகம் விட்டிருந்தது, கேட்டு வாங்குங்கள்.