வெற்றி தந்த முகாமையாளரை வைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு என்ன பெயர்?

வெள்ளவத்தையிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சொல் தேவைப்படுகிறது. நான் கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வேலை செய்கிறேன். வெளிநாட்டுச் செய்திச் சேவைகளிலிருந்து வருவதைத் தமிழாக்கி, தலைப்பிட்டு, பக்கம் மூடுவதற்குள் கொடுத்துவிட வேண்டும். கால்பந்தாட்டத்தில் ஒரே செய்தி ஆட்களை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்ப வரும்: கிண்ணம் வென்று தந்த முகாமையாளரை, அவருடைய ஒப்பந்தம் முடியுமுன்னரே ஒரு கழகம் இன்னும் சில ஆண்டுகளுக்குத் தன்னோடு வைத்துக்கொண்டுவிட்டது. இந்தச் செயலுக்குத் தமிழில் பெயர் இல்லாமல் ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன்.

2024 நவம்பரில் முகாமையாளர் பெப் கார்டியோலா, இங்கிலாந்தின் மன்செஸ்டர் சிற்றிக் கழகத்துடன் 2027 வரை ஒப்பந்தம் செய்துகொண்டார். கையிலிருந்த ஒப்பந்தம் 2025 கோடையில்தான் முடிவதாக இருந்தது. செய்தி என் மேசைக்கு வந்தபோது இரவு பத்தரை மணி. எனக்குக் கிடைத்த இடம் இரண்டு பத்தி அகலம். "கார்டியோலாவுக்கு 2027 வரை நீடிப்பு" என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை எங்கள் ஒழுங்கை முனைத் தேநீர்க்கடையில், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் பத்திரிகையை நான்காக மடித்து, அந்தத் தலைப்பில் விரலை வைத்தபடி என்னிடம் கேட்டார்: "தம்பி, இவருக்கு அறுபது முடிந்துவிட்டதா? படத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே."

கார்டியோலாவுக்கு அப்போது 53 வயது. பிழை அந்தப் பெரியவருடையது அன்று, என்னுடையது. முப்பது வருடம் அரச அலுவலகத்தில் இருந்தவருக்கு நீடிப்பு என்றால் சேவை நீடிப்புத்தான். வயது முடிந்தவர் விண்ணப்பிக்கிறார், மேலிடம் இரங்கி ஒரு வருடம் கொடுக்கிறது. கால்பந்தாட்டத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே கேட்டு நிற்பது கழகம். இணங்குவதா விடுவதா என்று யோசிப்பவர் முகாமையாளர். யார் யாரிடம் கேட்கிறார்கள் என்பதையே தலைகீழாக்கும் சொல்லை எப்படி ஏற்பது?

"புதுப்பித்தல்" எழுதிப் பார்த்தேன். கடவுச்சீட்டைப் புதுப்பிக்கிறோம், அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கிறோம். காலாவதியாகும் தறுவாயில், பழைய நிபந்தனைகளோடு செய்வது அது. இங்கே பழைய ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போதே அதன் இடத்தில் புதியது வருகிறது, சம்பளமும் நிபந்தனைகளும் மாறுகின்றன. "தக்கவைத்தல்" நல்ல வினைச்சொல். ஆனால் ஐபிஎல் ஏலம் அதை எடுத்துக்கொண்டுவிட்டது. அணிகள் கொடுக்கும் தக்கவைத்த வீரர்களின் பட்டியல்தான் வாசகரின் நினைவுக்கு வரும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்காதது, "தனது எதிர்காலத்தைக் கழகத்துடன் உறுதிசெய்தார்" என்று எழுதுவது. நானும் எழுதியிருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் உறுதி என்றால் காணி உறுதி. நொத்தாரிசு முன்னிலையில் முடித்து, பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டி, பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்கும் பத்திரம். முகாமையாளரின் ஒப்பந்தத்துக்கு அந்தப் பலம் எங்கே இருக்கிறது? 2016 மே மாதம் லெஸ்டர் சிற்றியை இங்கிலாந்தின் சம்பியனாக்கிய கிளோடியோ ரனியேரிக்கு, அதே ஓகஸ்டில் 2020 வரை புதிய ஒப்பந்தம் கொடுத்தார்கள். 2017 பெப்ரவரியில் அவரை வெளியேற்றினார்கள். யூர்கன் க்ளொப் 2022 ஏப்ரலில் லிவர்பூலுடன் 2026 வரை ஒப்பந்தம் செய்தார். 2024 ஜனவரியில், அந்தப் பருவகாலத்தோடு போகிறேன் என்று தாமாகவே அறிவித்தார். ஒருவரைக் கழகம் விட்டது, மற்றவர் கழகத்தை விட்டார். இரண்டு செய்திகளுக்கும் முன்னால் "எதிர்காலம் உறுதி" என்று தலைப்பிட்டிருந்தால் அது வாசகரிடம் சொன்ன பொய்.

அப்படியானால் அந்தத் தாள் என்னதான் செய்கிறது? பிரிவதற்கு ஒரு விலையை வைக்கிறது. ஆர்ன் ஸ்லொட் 2023 இல் பெயனூர்ட்டை நெதர்லாந்தின் சம்பியனாக்கினார். டொட்டன்ஹாம் அவரை விசாரித்துக்கொண்டிருந்த அந்த மே மாதத்தில், பெயனூர்ட்டிலேயே 2026 வரைக்குமான புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அடுத்த வருடமே லிவர்பூல் அவரைக் கூட்டிப்போனது. ஆனால் சும்மா அன்று. பெயனூர்ட்டுக்கு நட்டஈடு கொடுத்து. ஒப்பந்தத்தால் ஆளைப் பிடித்துவைக்க முடியவில்லை, கழகத்தை வெறுங்கையோடு விடாமல் காத்தது. ஆகவே நமது சொல் எதிர்காலத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் தரக்கூடாது. இருவரும் சேர்ந்து பணியைத் தொடர இணங்கினார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

என் முன்மொழிவு: தொடர்பணி ஒப்பந்தம். தொடர்பணி வினைத்தொகை. தொடர்ந்த பணி, தொடர்கின்ற பணி, தொடரும் பணி என மூன்று காலத்துக்கும் விரியும். எந்தக் காலம் என்று தானாகச் சொல்லாது. எனக்கு வேண்டியது அந்த அடக்கம்தான். ஊறுகாய், சுடுகாடு போல இடையில் வல்லினம் மிகாது. "தொடர்ப்பணி" என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

இன்னொன்று. "முகாமையாளர்" என்ற சொல்லும் எனக்கு முழுத் திருப்தியில்லை. நமது கிரிக்கெட் அணியோடு போகும் முகாமையாளர் பயணத்தையும் தங்குமிடத்தையும் ஒழுங்குகளையும் பார்ப்பவர். அணியைக் களத்துக்குத் தயாராக்குபவர் பயிற்றுநர். ஆங்கிலேயக் கால்பந்தாட்டத்தில் முகாமையாளர் என்றால் அணியை நடத்துபவரே. 2019 டிசெம்பரில் தலைமைப் பயிற்றுநராக வந்த மிக்கேல் அர்டெட்டாவின் பதவிப்பெயரை ஆர்சனல் 2020 செப்டெம்பரில் முகாமையாளர் என்று மாற்றியது. அவர்களே பிரித்துப் பார்க்கும் இரண்டை நாம் கலக்கக்கூடாது. அதைத் தனி இழையில் பேசுவோம்.

உங்கள் கருத்துக்காகக் காத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து:

வணக்கம் நண்பரே. உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். காரணங்கள் அனைத்தும் சரி, சொல்தான் இடறுகிறது.

தலைப்பில் தனியாக நிற்கும் "தொடர்பணி"யை நான் முதலில் படித்தது எப்படித் தெரியுமா? தொடர்பு, அணி என்றுதான். தொடர்பு அணி! கால்பந்துச் செய்தியில் அணி என்ற ஒலி காதில் விழுந்தாலே கண் அந்தப் பக்கம்தான் போகும். அரசியல் கட்சிகளில் இளைஞரணி, மகளிரணி என்று பழகிய எங்கள் ஊர் வாசகர் இதையும் ஏதோ ஒரு பிரிவின் பெயர் என்றே நினைப்பார். வீட்டில் என் மகளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளும் "ப"வுக்கு முன்னால் நிறுத்தாமல், "தொடர்ப" என்று சேர்த்துப் படித்துவிட்டுப் பொருள் கேட்டாள்.

இங்கே செய்தித்தாள்களில் "ஒப்பந்த நீட்டிப்பு" நிலைத்துவிட்டது. நீங்கள் நீடிப்பு என்கிறீர்கள், நாங்கள் நீட்டிப்பு என்கிறோம். அதையே வைத்துக்கொண்டால் கடலுக்கு இரண்டு பக்கமும் புரியுமே. பணி நீட்டிப்பு என்றால் எங்கள் ஊரிலும் ஓய்வுபெறும் அதிகாரி நினைவுக்கு வருவது உண்மைதான். ஆனால் "ஒப்பந்த" என்று முன்னால் சேர்த்தால் அந்த நினைவு ஓரளவு விலகிவிடும் அல்லவா?

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அன்புள்ள தம்பிக்கும் மதுரை நண்பருக்கும்,

முப்பது ஆண்டுகள் அரச மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். 1950களில் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. நாங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது அவைதான் எங்களுக்கு வழிகாட்டி. அவற்றிலிருந்து நான் கற்றது ஒன்று: சொல்லை உருவாக்குபவர், அது வாழப்போகும் ஊரில் பக்கத்து வீட்டில் என்ன சொல் குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தம்பி நீடிப்பைப் பற்றிச் சொன்னது அதுதான். ஆனால் ஒப்பந்தம் என்ற சொல்லை அவர் பார்க்காமல் விட்டுவிட்டார்.

கொழும்பில் "ஒப்பந்த அடிப்படையில் வேலை" என்றால் என்ன பொருள்? நிரந்தரமில்லை, ஓய்வூதியமில்லை, எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம் என்பது. மகனுக்கு ஒப்பந்த அடிப்படையில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு தாய் சொல்லும்போது அவள் குரல் இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். கால்பந்தாட்டத்திலோ ஒப்பந்தம்தான் பெரும் பாதுகாப்பு. அதற்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது. என் வயதுக்காரருக்கு ஒப்பந்தம் என்றதும் 1957ம் 1965ம் நினைவுக்கு வரும். இலங்கைப் பிரதமர்களான பண்டாரநாயக்காவும் டட்லி சேனநாயக்காவும் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தோடு செய்த பண்டா–செல்வா, டட்லி–செல்வா ஒப்பந்தங்கள். இரண்டும் கையெழுத்தாயின, இரண்டும் நிறைவேறவில்லை. சொல்லின் மீது குற்றமில்லை. ஆனால் அந்தக் கசப்பு அதில் ஊறியிருக்கிறது. உடன்படிக்கையை நான் விரும்புகிறேன். உடன்படுதல் என்ற வினை உள்ளேயே இருக்கிறது. இருவர் இல்லாமல் உடன்பட முடியாது.

இனி முதற்பகுதி. மதுரை நண்பரின் ஆட்சேபம் சரியானது, தொடர்பணி நிற்காது. வினைத்தொகையை விடாமல், வேரை மட்டும் மாற்றிப் பாருங்கள்: நீள்பணி. நீண்ட, நீள்கின்ற, நீளும் பணி. நீள்சதுரமும் நீள்வட்டமும் பள்ளிக்கூடத்திலேயே படித்தவர்கள் நாம். நீள் யாருக்கும் அந்நியமில்லை. துறைமுகச் செய்திகளில் தினமும் வரும் கொள்கலனில் ளகரம் திரியாமல் நிற்பதைப் போல இதிலும் நிற்கும். நீட்டிப்பு என்றால் நீட்டுகிறவர் ஒருவர், நீட்டப்படுவது தவணை. நீள்பணியில் நீள்வது வேலை. அதை யாரும் யாருக்கும் இரங்கிக் கொடுக்கவில்லை.

ஆனாலும் நீடிப்பு என்ற சொல் ஒட்டுமொத்தமாகப் பொருந்துகிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அலெக்ஸ் பேர்குசன் 2001 டிசெம்பர் 31 இல் அறுபது வயதை முடித்தார். அந்தப் பருவகாலத்தோடு ஓய்வுபெறுவதாக ஏற்கனவே அறிவித்திருந்தார். 2002 பெப்ரவரியில் மனதை மாற்றிக்கொண்டு மன்செஸ்டர் யுனைட்டெட்டுடன் புதிய ஒப்பந்தம் செய்தார். அதற்குப் பிறகு 2013 மே வரை இருந்து இன்னும் ஆறு லீக் பட்டங்களும் 2008 இல் ஐரோப்பியக் கிண்ணமும் வென்றார். தேநீர்க்கடைப் பெரியவரிடம் சொல்லுங்கள், அவருடைய கேள்வி பேர்குசனிடம் கேட்டிருந்தால் மிகச் சரி.

வெள்ளவத்தையிலிருந்து:

ஐயாவுக்கும் மதுரை நண்பருக்கும் மனமார்ந்த நன்றி. தொடர்பணியைக் கைவிடுகிறேன். தொடர்பு அணி என்று ஒரு முறை படித்த பிறகு என்னாலும் வேறு மாதிரிப் படிக்க முடியவில்லை.

நேற்று முழுவதும் நீள்பணியைச் சோதித்தேன். பழைய செய்திகளை எடுத்து அதை வைத்து மீண்டும் எழுதினேன். "ரனியேரிக்கு 2020 வரை நீள்பணி உடன்படிக்கை" என்றால், பின்னால் அவரை நீக்கிய செய்தி வரும்போது முன்னைய தலைப்பு பொய்யாகவில்லை. உடன்பட்டார்கள், பிறகு முறித்தார்கள், இரண்டும் நடந்தவை. "ஆறு ஆண்டு நீள்பணிக்கு உடன்பட்ட டேவிட் மொயஸ் பத்து மாதத்தில் நீக்கம்" என்பதிலும் இடறவில்லை. ஆனால் இந்த வாக்கியத்தில்தான் ஒரு வரம்பு எனக்குத் தெளிவானது. மொயஸ் 2013 இல் மன்செஸ்டர் யுனைட்டெட்டுக்குப் புதிதாக வந்தவர். புதிதாக வருபவருக்குப் போடுவது வெறும் பணி உடன்படிக்கை, எத்தனை ஆண்டாக இருந்தாலும். ஏற்கனவே பணியில் இருப்பவருக்கு, இடையில் போடுவதே நீள்பணி உடன்படிக்கை. மொயஸ் வாக்கியத்தை அடித்துவிட்டேன்.

நீடிப்பையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. சில ஒப்பந்தங்களில், விரும்பினால் மேலும் ஒரு வருடம் என்ற சரத்து முன்கூட்டியே இருக்கும். கழகம் அந்தச் சரத்தைப் பயன்படுத்தினால் பழைய தாள் அப்படியே இருக்க, முடிவுத் திகதி மட்டும் தள்ளிப்போகும். அது நீடிப்பு. மதுரை நண்பர் ஒப்பந்த நீட்டிப்பு என்று அதையே எழுதினால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கார்டியோலாவின் செய்திக்கு நான் இனி அதைப் போட மாட்டேன். உலகக் கால்பந்தாட்டச் சம்மேளனமான பீபாகூட 2021 இல் பயிற்றுநர்களின் தொழில் ஒப்பந்தங்களுக்கெனத் தனது விதிமுறைகளில் தனிப் பின்னிணைப்பைச் சேர்த்துவிட்டது. இந்தச் சொற்கள் விளையாட்டுப் பக்கத்தோடு நிற்கப்போவதில்லை, நாளைக்குச் சட்டத்துறையினருக்கும் வேண்டியிருக்கும். இப்போதே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு நீள்பணி என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். கார்டியோலாவின் 2024 தாள் இரண்டு ஆண்டுக்குத்தான், ஆனால் அவர் 2016 இலேயே அங்கே பணிக்கு வந்தவர். நீள் என்பது தாளின் அளவைச் சொல்லவில்லை, அந்தத் தாளால் நீண்டுகொண்டு போகும் பணியைச் சொல்கிறது. ஐயா வேறு மாதிரி நினைத்தால் எழுதுங்கள்.

இன்று காலை தேநீர்க்கடையில் பெரியவரைக் கண்டேன். விளக்கம் எதுவும் சொல்லாமல், பற்றுச்சீட்டின் பின்புறத்தில் "கார்டியோலா நீள்பணிக்கு உடன்பட்டார்" என்று எழுதி அவர் முன்னால் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முறை உதட்டசைவோடு வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எத்தனை வருடத்துக்கு?"